“பாஸ்வேர்ட் இருக்கு, பயப்படாதேங்கோ” என்று சொன்ன நிர்வாகக் குழுவுக்கு

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு அங்கத்தவர்கள் அனைவருக்கும்,

எங்கள் கடன் சங்கத்தின் போன மாதப் பொதுக்கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். மூதூர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோன சங்கத்து லப்டொப் திரும்பி வரும்போது பஸ்ஸில் காணாமல் போனதையும், பொலிஸில் முறைப்பாடு போட்டிருப்பதையும் செயலாளர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முதலில் நன்றி. இப்படியான விஷயத்தை மூடி மறைத்துவிட்டுப் புது லப்டொப் வாங்கிய இடங்களையும் எனக்குத் தெரியும்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழும்பினார். “அப்ப என்ர காணி உறுதிக் கொப்பியும் அடையாள அட்டை நம்பரும் அதுக்குள்ளதானே தம்பி கிடக்கு?”

மேசையிலிருந்து பதில் வந்தது: “பயப்படாதேங்கோ அம்மா. ஓன் பண்ணின உடன பாஸ்வேர்ட் கேக்கும். ஒருத்தராலயும் திறக்க ஏலாது.”

அம்மா இருந்துவிட்டார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கொம்பியூட்டர் திருத்திப் பிழைக்கிறவன் நான். அந்தப் பதில் பிழை என்று அங்கேயே எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அழுது அழுது வீங்கிப்போயிருந்த பொருளாளர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு பையைத் தவறவிடுவது யாருக்கும் நடக்கும். அதைப் பற்றி இந்த மடலில் ஒரு வரியும் வராது. நான் எழுத வந்தது மேசையிலிருந்து வந்த அந்தப் பதிலைப் பற்றி மட்டும்தான்.

சங்கத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். இதே பதிலை உப்புவெளியிலும் சொல்வார்கள், கிண்ணியாவிலும் சொல்வார்கள், தம்பலகாமத்திலும் சொல்வார்கள். கொம்பியூட்டர் வைத்திருக்கிற ஒவ்வொரு கடன் சங்கமும், ஆலய பரிபாலன சபையும், விளையாட்டுக் கழகமும் இதைத் தனக்கு வந்த கடிதம் என்றே வாசிக்கலாம்.

எங்கள் வீடுகளில் இருக்கிற பழைய அலுமாரிகளை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். முன்னுக்குத் தேக்குக் கதவு, பித்தளைக் கைபிடி, நல்ல பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில். சுவரோடு ஒட்டி நிற்கிற பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? மெல்லிய ஒட்டுப்பலகை, நாலைந்து சின்ன ஆணி. அலுமாரியை ஒரு அடி முன்னுக்கு இழுத்தால் சாவியே தேவையில்லை. சங்கத்து லப்டொப்பில் இருந்தது அப்படியான பூட்டுத்தான்.

விண்டோஸ் திறக்கும்போது கேட்கிற பாஸ்வேர்ட் ஒரு வாசற்காவலாளி. விண்டோஸ் ஓடினால்தான் அவர் வேலைக்கு வருவார். விண்டோஸை ஓடவே விடாமல், ஒரு பென் டிரைவில் இருக்கிற லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் மெசினைத் தொடக்கினால், அல்லது உள்ளே இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெசினில் யூ.எஸ்.பி. வயரால் கொழுவினால், யார் நீ என்று கேட்க அங்கே ஆளில்லை. போட்டோக்கள், எக்செல் தாள்கள், ஸ்கேன் பண்ணிய அடையாள அட்டைகள் எல்லாம் போட்டபடியே கிடக்கும். பாஸ்வேர்டை உடைப்பது என்ற பேச்சே இல்லை, அதைத் தொடவே தேவையில்லை. அந்த வயரின் விலை இரண்டு மூன்று சோற்றுப் பார்சலின் விலை. மத்திய வீதியில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. இதுதான் என்னுடைய வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத் தம்பி லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, இறுதி வருட அறிக்கை உள்ளே இருக்கிறது, மறுநாள் ஒப்படைக்க வேண்டும். இருத்தி ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். அவன் குடித்து முடிக்க முதல் அறிக்கை அவனுடைய பென் டிரைவில் ஏறிவிட்டது. சந்தோஷத்தில் காசை எண்ணிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திக் கேட்டான்: “அப்ப இந்தப் பாஸ்வேர்ட் எதுக்கு அண்ணை?” அந்தத் தம்பிக்கு நான் செய்ததை, பஸ்ஸில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கும் யாராவது செய்து கொடுப்பார்கள். செய்கிறவருக்கு அது யாருடைய லப்டொப் என்று தெரிந்திருக்க வேண்டியதுமில்லை.

ஒரு காலத்தில் இதுகூடத் தேவைப்படவில்லை. விண்டோஸ் 95, 98 ஓடிய நாட்களில் பாஸ்வேர்ட் பெட்டி வந்தால் எஸ்கேப் கட்டையை அழுத்தினால் போதும், டெஸ்க்டொப் வந்துவிடும். அந்தப் பெட்டி நெட்வேர்க்குக்காக வைத்தது. பூட்டு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இன்றைய விண்டோஸ் எவ்வளவோ திருந்திவிட்டது. எங்கள் நினைப்பு அவ்வளவு திருந்தவில்லை.

அடுத்தது, “எங்கட மெசினில விண்டோஸ் வரமுதலே கறுப்புத் திரையில கேக்கும்” என்று பெருமையோடு சொல்கிறவர்கள். அது பயோஸ் பாஸ்வேர்ட். பயோஸ் என்பது மெசினை ஓன் பண்ணியதும் முதலில் ஓடுகிற சின்ன மென்பொருள். விண்டோஸுக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது, உண்மைதான். பழைய டெஸ்க்டொப் மெசின்களில் அந்தப் பாஸ்வேர்ட் தங்கியிருக்கிற இடம், மதர்போட்டில் குத்தியிருக்கிற நாணயம் போன்ற ஒரு வட்டப் பற்றறியின் தயவில் உயிர்வாழ்கிறது. சி.ஆர். 2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும், 3 வோல்ட். பற்றறியைக் கழற்றினால், அல்லது பக்கத்தில் இருக்கிற ஜம்பர் என்ற சின்ன இணைப்புத் துண்டை இடம் மாற்றி வைத்தால், நேரமும் திகதியும் மறந்துபோவதோடு பாஸ்வேர்டும் மறந்துபோகும்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த மாதங்களில் எனக்கு இதனாலேயே வேலை கூடியது. கரண்ட் இல்லாத மெசினின் நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பற்றறிதான். கடற்கரை ஊர், உப்புக்காற்றில் பற்றறி குந்தியிருக்கிற தகடே பச்சை பிடித்துக் கிடக்கும். ஓர்ஸ்ஹில் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு மெசினை ஓட்டோவில் ஏற்றி வந்தார்கள். “தம்பி, வைரஸ் போல கிடக்கு. திகதி பழசா காட்டுது, பாஸ்வேர்டும் கேக்கிறேல்ல.” வைரஸ் ஒன்றும் இல்லை. காவல்காரர் பட்டினியில் செத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

லப்டொப்பில் இது அவ்வளவு லேசில்லை. பாஸ்வேர்ட் பெரும்பாலும் தனிச் சிப் ஒன்றில் இருக்கும், பற்றறியைக் கழற்றினாலும் போகாது. சில பழைய மொடல்களுக்குத் திறக்கிற இலக்கம் தேடினால் கிடைக்கும், பலவற்றுக்குக் கிடைக்காது. அதற்காக மகிழ வேண்டாம். பயோஸ் பூட்டுவது மெசினை, டிஸ்க்கை அல்ல. டிஸ்க் ஒரு ஸ்குரூவில், கூடிப்போனால் இரண்டு மூன்றில் நிற்கிறது. கழற்றி வேறு மெசினில் போட்டால் அது பழைய வீட்டு ஞாபகமே இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிடும். மதர்போட்டிலேயே டிஸ்க்கை ஈயம் வைத்து ஒட்டிவிடுகிற மெல்லிய லப்டொப்புகளில் மட்டும் இந்த வழி கஷ்டம். டிஸ்க்குக்கே பாஸ்வேர்ட் போடுகிற வசதியும் சில மெசின்களில் உண்டு. அது இந்த இரண்டையும் விடப் பலமானது, ஆனால் மறந்தால் உங்களுக்கும் டிஸ்க் இல்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு “அப்ப பாஸ்வேர்டை எடுத்துவிடுவமா?” என்று கேட்டுவிடாதேங்கோ. வைத்திருங்கள். தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் கணக்கைக் குடைகிற பக்கத்து மேசைக்காரருக்கு அது போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கேம் விளையாடப் பார்க்கிற பிள்ளைக்கும் போதும். கையில் ஸ்குரூ டிரைவரும் ஒரு மணித்தியாலத் தனிமையும் கிடைத்தவருக்குப் போதாது. களவுபோன லப்டொப்புக்கு இந்த இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும்.

சங்கத்துப் பழைய டெஸ்க்டொப்பின் பாஸ்வேர்ட், சங்கத்தின் பெயரும் 123ம். கீபோர்ட்டுக்குக் கீழே ஸ்ரிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறது. போன வருடம் பிரின்டர் பார்க்க வந்தபோது கண்டேன், நீங்கள் கேட்காததால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அலுமாரியின் பின்பலகைக்கு உண்மையான மருந்து குறியாக்கம். என்கிரிப்ஷன் என்று மெசினில் தேடினால் வரும். டிஸ்க்கில் எழுதப்படுகிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாத குழப்பமாகவே எழுதப்படும். கழற்றி வேறு மெசினில் போட்டாலும் குழப்பம்தான் தெரியும். லினக்ஸில் தொடக்கினாலும் அதே குழப்பம். மைக்ரோசொப்ட் இதை பிட்லொக்கர் என்ற பெயரில் 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு சாதாரண ஆட்களிடம் கொண்டுவந்தது. இன்றைக்கும் முழு பிட்லொக்கர் விண்டோஸின் புரோ போன்ற பதிப்புகளில்தான் இருக்கிறது. ஹோம் பதிப்பில், மெசின் இடம் கொடுத்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற சுருக்க வடிவம் இருக்கும். இரண்டுமில்லாத பழைய மெசினுக்கு வேராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. செலவென்று பார்த்தால் ஒரு பின்னேரம். காணாமல் போன லப்டொப்பில் இது போட்டிருந்தால் நானே எழும்பி அந்த அம்மாவிடம் “பயப்படாதேங்கோ” என்று சொல்லியிருப்பேன். போட்டிருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்கும் அது தோன்றவில்லை. இந்த மடலில் என் பங்குப் பிழையும் இருக்கிறது.

ஆனால் குறியாக்கம் விளையாட்டில்லை. அதன் மறுபக்கத்தை விட்டுவிட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். மின்னல் அடித்து லப்டொப்பின் மதர்போட் எரிந்துவிட்டது, டிஸ்க் நல்லாயிருந்தது. வழக்கம்போல வயரில் கொழுவினேன். நீலப் பெட்டி ஒன்று வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் குறியாக்கம் போடச் சொல்லவுமில்லை. புது மெசினை மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடக்கும்போது பல லப்டொப்புகளில் இது தானாகவே விழுந்துவிடும், எண்ணும் அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அப்ப கணக்கைத் திறந்து எடுக்கலாமே என்றேன். கணக்கு யாருடையது? லப்டொப் வாங்கிய கடையில் ஒரு பையன் அவசரத்துக்கு ஒரு ஈமெயிலை உருவாக்கித் தொடக்கிக் கொடுத்திருக்கிறான். அந்த ஈமெயில் என்ன, அதன் பாஸ்வேர்ட் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. பையன் இப்போது கட்டாரில்.

அந்த டிஸ்க்கில் அவருடைய மகளின் முதல் நாலு வருடப் படங்கள் இருந்தன. நான் கையை விரித்தேன். என் தொழிலில் நான் ஒருதரம் தோற்றால் மறுதரம் முயல்வேன், ஆனால் இதில் முயல ஒன்றுமே இல்லை. குறியாக்கம் உண்மையாகவே வேலை செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. கள்ளனையும் சொந்தக்காரரையும் அது ஒரே தராசில்தான் நிறுக்கும்.

ஆகவே, நீங்கள் அடுத்து வாங்கப் போகிற லப்டொப்பைச் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் ஈமெயிலில், குழு அங்கத்தவர் இரண்டு பேருக்கு முன்னால் தொடக்குங்கள். 48 இலக்க மீட்பு எண்ணையும் கடதாசியில் இரண்டு பிரின்ட் எடுங்கள். ஒன்று சங்கத்து இரும்புப் பெட்டிக்குள், மற்றது தலைவர் வீட்டில். லப்டொப் பைக்குள் ஒருபோதும் வைக்காதேங்கோ. அதோடு வாரத்துக்கு ஒருதரம் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள், அந்த டிஸ்க்குக்கும் குறியாக்கம் போடுங்கள். திருமலையில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். 1990இல் போருக்குப் பயந்து ஓடியபோது கையில் எடுத்தது மட்டும்தான் மிஞ்சியது, 2004 டிசம்பர் 26 சுனாமியில் அதுவும் மிஞ்சாத வீடுகள் உண்டு. அந்த அம்மா உறுதிக் கொப்பியைப் பற்றிக் கேட்டது சும்மா அல்ல.

இன்னொன்று, மூடியை மூடினால் லப்டொப் தூங்குகிறதே தவிர அணைவதில்லை. அந்த நேரம் குறியாக்கத்தின் திறவுகோல் மெசினின் நினைவகத்தில் விழித்துக்கொண்டிருக்கும். 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரண்டை நிறுத்திய பிறகும் நினைவகச் சிப்பில் எழுதியது கொஞ்ச நேரம் அழியாமல் நிற்கும், குளிரவைத்தால் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும், அதிலிருந்து திறவுகோலை எடுக்கலாம் என்று செய்தே காட்டினார்கள். எங்கள் ஊர் வெயிலில் ஒரு பஸ் கள்ளன் சிப்பைக் குளிரவைக்கப் போவதில்லை, அதை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். பயணம் போகும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்து அணைத்துவிட்டுப் போங்கள், அது போதும்.

பழைய மெசின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓடு முடிந்துவிட்டதால் நிறையச் சங்கங்கள் பழையதை விற்றுப் புதியது வாங்கப் பார்க்கின்றன. போர்மட் அடித்துவிட்டோம் என்று சொல்லி டிஸ்க்கோடு விற்காதேங்கோ. அவசரமாக அடிக்கிற போர்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. அத்தியாயங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பிறருடைய தரவை வைத்திருப்பவர் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் ஒன்றாகக் குறியாக்கம் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. திருடியவர் உள்ளே புகுந்து பார்த்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அவருக்காக இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் அவரைப் பிடிக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது, போன மாதம் கொடுத்த பதிலைத் திருத்துவது. அந்த லப்டொப்பில் என்ன இருந்தது என்பதைப் பொருளாளர் அக்காவோடு இருந்து ஒரு பட்டியலாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் கடன் விண்ணப்பங்கள், பிணைகாரர் விபரம், அடையாள அட்டைகளின் இரு பக்கமும், சில உறுதிகள், வங்கிக் கணக்கு இலக்கங்கள். பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களை வைத்தே ஒருவர் பிறந்த வருடம், நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் சொல்லிவிடலாம்: முதல் இரண்டு வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாம் நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எங்கள் அங்கத்தவர்களில் எத்தனை பேர் பிறந்த வருடத்தையே வங்கி அட்டையின் ரகசிய இலக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டியல் முடிந்ததும் பெயர் வந்த ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு விடாதேங்கோ. அந்த அம்மாவிடம் போன் இல்லை. வங்கிக்குப் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். தெரியாத ஆள் தொலைபேசியில் எங்கள் கடன் தொகையைச் சரியாகச் சொல்லிப் பேசினால், அவர் சங்கத்து ஆள் என்று நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்லுங்கள். என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். 2019இல் கடை திருத்த எடுத்த கடன்.

“ஆட்களைப் பயப்படுத்தக் கூடாது” என்று குழுவில் ஒருவர் சொல்வார், எனக்குத் தெரியும். அந்த அம்மா ஏற்கனவே பயந்துதான் எழும்பினார். அவருடைய பயம் சரியானது, எங்கள் பதில்தான் பிழையானது.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். கடையில் இருந்து ஒரு பழைய லப்டொப் கொண்டுவருகிறேன். கூட்டம் தொடங்க முதல் தலைவரே அதற்கு ஒரு பாஸ்வேர்ட் போடட்டும், எவ்வளவு நீளமாகவும் போடட்டும், எனக்குச் சொல்ல வேண்டாம். செயலாளர் அதில் ஒரு கடிதம் எழுதி வைக்கட்டும். ஸ்குரூ டிரைவரையும் வயரையும் நான் கொண்டுவருகிறேன். அந்த அம்மாவை முன்வரிசையில் இருத்துங்கள், கடிதத்தை அவருக்குத்தான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் அங்கத்தவர் ஒருவர்,
கொம்பியூட்டர் திருத்துபவர்,
திருகோணமலை.